கிருஷ்ணகிரியில் பட்டன் டயர் வாங்குவோர் கவனத்துக்கு: 120 கேட்டால் 140 மாட்டி அனுப்புகிறார்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் மண்பாதையில் வண்டி ஓட்டும் நண்பர்களே, பின்சக்கரத்துக்குப் பட்டன் டயர் (மண்ணைப் பிடிக்க ரப்பர்க் கட்டைகள் துருத்தி நிற்கும் டயர்; அந்தக் கட்டைகள்தான் பட்டன்கள்) வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். டயரின் அளவு, அது தயாரான வாரம், ஆண்டு ஆகிய மூன்றும் பில்லில் ஏறும்வரை உங்கள் பழைய டயரை ரிம்மிலிருந்து கழற்ற விடாதீர்கள். 2024 கோடையில் கிருஷ்ணகிரி டயர் கடை ஒன்றில் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நுகர்வோர் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என் வண்டி ஹீரோ நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200 மோட்டார் சைக்கிள். நிறுவனம் கொடுக்கும் அளவு முன்சக்கரத்துக்கு 90/90-21, பின்சக்கரத்துக்கு 120/80-18 (இந்த எண்களின் பொருளைக் கீழே சொல்கிறேன்). பர்கூர், வேப்பனப்பள்ளி பக்கத்து மாந்தோப்பு வண்டிப்பாதைகளிலும் தண்ணீர் வற்றிய ஓடைகளிலும்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். (காட்டுக்குள் ஓட்டுவதைச் சொல்லவில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே அனுமதியில்லாமல் வண்டியை விடுவது குற்றம். யானைகளுக்கும் அது தொந்தரவு.)

கடைக்காரரிடம் 120/80-18 என்று வாயால் சொன்னதோடு, ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தேன். சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீங்கள் கேட்டது பெங்களூருவிலிருந்து வந்துவிட்டது. சக்கரத்தை மட்டும் கொண்டுவந்து கொடுங்கள், சாயங்காலத்துக்குள் மாட்டி வைக்கிறேன்" என்றார். புது டியூப்பும் சேர்த்து 7,800 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். மாலையில் சக்கரம் கைக்கு வந்தபோது டயர் முழுக்கப் பாலிஷ் தடவிப் பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் ஒரு எழுத்தும் தெளிவாகத் தெரியவில்லை. பில்லில் 'டயர் 1, டியூப் 1' என்று மட்டும் இருந்தது. அளவு இல்லை, டயர் நிறுவனத்தின் பெயர்கூட இல்லை. கீழே மட்டும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

மறுநாள் ஓடைக்குள் இறங்கியதுமே செயின் பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம். கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது கூடியது. வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். இடது ஓரத்துப் பட்டன்களின் மூலைகளைச் செயின் சீவித் தள்ளியிருந்தது. செயின் கவரின் உள்பக்கம் கிரீஸோடு கலந்து கருப்பு ரப்பர்த் தூள் அப்பியிருந்தது. ஈரத்துணியால் பாலிஷைத் துடைத்த பிறகுதான் அளவு தெரிந்தது: 140/80-18.

வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றியபோது மீதியும் வெளிப்பட்டது. டயர் தயாரான தேதி நான்கு இலக்கமாகப் பதிந்திருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இதில் 0817. அதாவது 2017-இன் எட்டாவது வாரம். புதிது என்று என்னிடம் விற்கப்பட்ட டயருக்கு ஏழு வயது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் காற்றுப் பட்டே மெல்ல இறுகும். பட்டன்களை விரலால் மடக்கிப் பார்த்தால் அடியில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடுவது தெரிந்தது. இன்னொன்றைக் கவனியுங்கள். பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். என் டயரில் அது ஸ்ப்ராக்கெட்டுக்குப் (செயின் ஓடும் பல்சக்கரம்) பின்னால் மறைந்திருந்தது. டயர் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியோ பின்னோக்கி இருந்தது. அம்புக்குறிப்படி மாட்டியிருந்தால் தேதி வெளிப்பக்கம் வந்திருக்கும். தேதியை மறைக்கத்தான் டயரைத் திருப்பி மாட்டினார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். உள்ளே இருந்த டியூப்பும் புதிதில்லை, என் பழைய டியூப்தான். சூளகிரியில் நான் போட்ட பஞ்சர் ஒட்டு அதில் அப்படியே இருந்தது.

அளவு மாறினால் என்ன பெரிய கேடு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 120/80-18 என்றால் பக்கச்சுவர் 96 மி.மீ., முழு விட்டம் சுமார் 649 மி.மீ. 140/80-18 என்றால் பக்கச்சுவர் 112 மி.மீ., முழு விட்டம் சுமார் 681 மி.மீ. அகலத்தில் 20 மி.மீ. கூடுகிறது என்று மட்டும் நினைப்போம். ஆனால் சக்கரமே 32 மி.மீ. பெரிதாகிவிடுகிறது. வண்டியின் பின்பகுதி 16 மி.மீ. தூக்கிக்கொள்கிறது. ஒரு சுற்றில் சக்கரம் கடக்கும் தூரம் ஏறத்தாழ 5 சதவீதம் கூடுவதால் எல்லா கியரும் அந்த அளவுக்கு நீண்டுவிடுகின்றன, அதாவது இழுவை குறைகிறது. 200 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு கல் நிறைந்த மேட்டில் முதல் கியரில் ஊர்ந்து ஏறுபவருக்கு இது உடனே தெரியும். கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஏற வேண்டியிருக்கும். கிளட்ச் தட்டுகள் சூடாகித் தேயும்.

அகலமான டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்பதும் எல்லா இடத்திலும் பொருந்தாது. ரிம்மின் அகலம் மாறாமல் டயர் மட்டும் அகன்றால், ரிம்மில் உட்காரும் இரு விளிம்புகளும் உள்ளே இழுக்கப்பட்டு, தரையில் படும் பகுதி கூடுதலாக வளைகிறது. நம் பக்கத்து இறுகிய செம்மண்ணிலும் கருங்கல் பாறையிலும் நடுவரிசைப் பட்டன்கள்தான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. அதோடு எனக்கு மாட்டியது சேற்றுக்கும் மணலுக்குமான வகை. பட்டன்கள் உயரமாக, தள்ளித் தள்ளி நிற்கும். அந்த வகை ஈரமான இளமண்ணில் அருமையாக வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. கெட்டித் தரையில் அந்தப் பட்டன்கள் வளைந்து வளைந்து அடியிலேயே பிய்ந்துவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாதிரியான கல்லு பூமிக்குப் பட்டன்கள் குட்டையாக, நெருக்கமாக இருக்கும் வகைதான் சரி.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "அண்ணா, நான் எழுதிக் கொடுத்தது 120. நீங்கள் மாட்டியது 140. தேதியைப் பாருங்கள்" என்று படங்களைக் காட்டினேன். அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "தம்பி, பெரிய டயர் போட்டால் வண்டிக்குத்தான் கெத்து. புது ஹிமாலயனில் 140 தானே வருகிறது? அதே விலைக்குப் பெரியதாகக் கொடுத்திருக்கிறேன், சந்தோஷப்படுங்கள்" என்றார்.

அவர் சொன்ன புது ஹிமாலயன், ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450. அதன் பின்டயர் 140/80-17. அது 17 அங்குல ரிம். அந்த வண்டியின் ரிம் அகலமும் ஸ்விங் ஆர்மும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) செயின் ஓடும் இடமும் அந்த டயரை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. பழைய ஹிமாலயன் 411-க்கு 120/90-17. மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளுக்குப் பின்னால் 19 அங்குலம். 100/90-19, 110/90-19 என்றெல்லாம் போடுகிறார்கள். காட்டுப்பாதை, கல்பாதைகளுக்கான எண்டூரோ வண்டிகள் 18 அங்குலத்தில் நிற்பதற்குக் காரணம், ரிம் சிறிதானால் பக்கச்சுவர் உயரமாகக் கிடைக்கும் என்பதே. கல்லில் இடிக்கும்போது ரிம்மும் கல்லும் டியூப்பை நசுக்கிக் கிழிப்பதை அந்த உயரம்தான் தடுக்கிறது. வண்டிக்கு வண்டி அளவு மாறுவது இதனால்தான். கடையில் விற்காமல் கிடக்கும் அளவை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதற்கு இன்னொரு வண்டியின் பெயரைச் சொல்வது பச்சை ஏமாற்று. அந்த டயரோடு நான் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரி வரை ஓட்டி வந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருள் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்கப்படவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லின் அடியில் என்ன அச்சடித்திருந்தாலும் அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

நோட்டீஸ் போன பிறகு, பாதிப் பணம் தருகிறேன், மனுவைத் திரும்பப் பெறுங்கள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மறுத்துவிட்டேன். இப்போது வண்டியில் 120/80-18 ஓடுகிறது. ஓசூரில் வாங்கியது, அளவையும் நான்கு இலக்கத் தேதியையும் அந்தக் கடைப் பையனே டயரைப் பார்த்து பில்லில் எழுதிக் கொடுத்தான், என் கண்ணெதிரே மாட்டினான்.

உங்களில் யாருக்காவது அளவு எழுதாத பில்லோடு இப்படிப் பாலிஷ் அடித்த டயர் வந்திருந்தால், ஓட்டுவதற்கு முன்பே துடைத்து, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். அம்புக்குறியும் தேதியும் ஒரே படத்தில் விழட்டும். கிருஷ்ணகிரியில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள். என் மனுவின் நகலை அனுப்புகிறேன், அதை மாதிரியாக வைத்து உங்களுடையதை எழுதிக்கொள்ளலாம்.