டியூப்லெஸ் ஸ்ட்ரிப் கிட்: ஆணிக்குச் சரி, கருவேல முள்ளுக்கு?

டியூப் இல்லாத டயரின் பஞ்சரை வழியிலேயே நாமே அடைக்க உதவுவது இந்தக் கிட். முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண கிட்டில் துளையை அராவும் ஊசி, காது பிளந்த ஊசி, துளைக்குள் திணிக்கும் பிசின் தோய்ந்த நார் (ஸ்ட்ரிப்) ஐந்தாறு, ரப்பர் பசை (சொல்யூஷன்) டியூப் ஒன்று இருக்கும். பம்பு இருக்காது. இந்தக் கிட்டின் பெரிய குறையே அதுதான். துளையை அடைத்த பிறகு காற்றுக்கு எங்கே போவது? கால் பம்பு ஒன்றைத் தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

வாங்குமுன் டயரின் பக்கவாட்டில் 'டியூப்லெஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்போக்ஸ் வீல் வண்டிகள் பெரும்பாலும் டியூப் போட்டவை. அவற்றுக்கு இது உதவாது.

மதுரையை அடுத்த திருமங்கலம், கப்பலூர் பக்கம் நான்குவழிச் சாலையில் லாரிகள் கிளப்பும் காற்று ஆணி, கம்பித் துண்டு எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும். பைக் ஓடுவதும் அந்த ஓரத்தில்தான். படுத்துக் கிடக்கும் ஆணியை முன் டயர் தட்டி நிமிர்த்த, பின் டயர் வாங்கிக்கொள்கிறது. பஞ்சர் அதிகம் பின்னால் வருவது அதனால்தான். நனைந்த ரப்பரில் கூரான எதுவும் வழுக்கி உள்ளே இறங்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் கிட் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ஆணிக்கு இது கச்சிதம். வண்டியைச் சாலையை விட்டு இறக்கி மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஆணி கைக்கு எட்டும்படி சக்கரத்தைத் திருப்புங்கள். ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வில் இறங்கியிருந்தது என்று கவனிப்பது முக்கியம்; அராவும் ஊசியும் அதே சாய்வில் போக வேண்டும். பத்துத் தடவை உள்ளே வெளியே இழுத்தால் போதும், ஓட்டையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் சரிபாதியாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும் வரை அழுத்துங்கள். ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டில் இழுக்க வேண்டும். திருகினால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். மிச்சத்தை இரண்டு மில்லிமீட்டர் விட்டு நறுக்கி, காற்றடித்து, எச்சில் தொட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

விலை மலிந்த கிட்டில் முதலில் காலை வாருவது பிடி. பிளாஸ்டிக் பிடிக்குள் ஊசி சுற்ற ஆரம்பித்தால் புது டயரில் இறங்கவே இறங்காது. உலோகத்தில் டி வடிவப் பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது சொல்யூஷன்: ஒருமுறை திறந்து சீட்டுக்கடியில் போட்டால் மதுரை வெயிலில் சில மாதத்தில் கட்டிதட்டிவிடும். ஸ்ட்ரிப்பும் காய்ந்து விறைக்கும். இரண்டையும் ஆண்டுக்கொரு முறை மாற்றலாம், பெரிய செலவில்லை.

சீமைக் கருவேல முள் வேறு கதை. உசிலம்பட்டி, கள்ளிக்குடி பக்கத்துக் கிராமச் சாலைகளில் வேலி வெட்டிப் போட்ட இடமெல்லாம் அதுதான். முள் உள்ளேயே ஒடிந்து நின்று, காற்று இரவெல்லாம் மெல்லக் கசியும். அந்த ஊசித் துளைக்கு ஸ்ட்ரிப் போட வேண்டுமென்றால் ஓட்டையை நாமே பெரிதாக்க வேண்டும். அது வேண்டாத வேலை. காற்றடித்துக்கொண்டே பஞ்சர் கடை வரை போய், டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் ஒட்டுவதே சரி.

மேலூர் பக்கம் கிரானைட் சில்லு குத்தாது, கீறும். நீளமான கீறலிலும், டயரின் பக்கவாட்டிலும் ஸ்ட்ரிப் நிற்காது. அங்கே முயற்சியே வேண்டாம், வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஸ்ட்ரிப் சரியாக விழுந்தாலும், டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கு அறுந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. கடை வரை ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டி, உள்ளே காளான் வடிவ மஷ்ரூம் பேட்ச் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை டயர் சூடேறும் முன் காற்றை ஒருமுறை அளக்கவும்.

ஆணிக்கு ஐந்தில் நான்கு, முள்ளுக்கு ஒன்று. பம்பையும் சேர்த்து விற்றால் இன்னொரு மதிப்பெண் கொடுக்கலாம்.