மிக்கோனோஸ் போகிறவர்களுக்கு எச்சரிக்கை: விலையோடு நிறுத்தாமல், எதற்கு அந்த விலை என்றும் கேளுங்கள்

கிரேக்கத்தின் மிக்கோனோஸ் தீவில் பணத்தைப் பறிகொடுத்தவர்களின் பில்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பொய் விலை இருக்காது. மெனுவில் என்ன எண் இருந்ததோ அதுதான் பில்லிலும் இருக்கும். அந்த எண் கிலோவுக்கா, நூறு கிராமுக்கா, ஆளுக்கா, வண்டிக்கா, ஒரு நாற்காலிக்கா, ஜோடிக்கா என்பது மட்டும் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது யாரும் வாய் திறந்து சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு சண்டைக்குப் போனால் கடைக்காரர் நிதானமாக மெனுவை எடுத்து அந்தப் பொடி எழுத்தைக் காட்டுவார். எனவே கவனமெல்லாம் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

கப்பலை விட்டு இறங்கியதுமே இது ஆரம்பித்துவிடும். ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகங்களான பிரேயஸிலிருந்தோ ரஃபினாவிலிருந்தோ வரும் கப்பல்கள் ஊருக்குள் நிற்பதில்லை. ஹோரா எனப்படும் நகரத்துக்கு வடக்கே, துர்லோஸ் என்ற புதிய துறைமுகத்தில்தான் இறக்கிவிடும். தீவு முழுவதற்கும் டாக்சிகள் சில டஜன்தான் என்பதால் அங்கே வேன்காரர்கள் காத்திருப்பார்கள். "இருபது யூரோ" என்பார் ஒருவர். நான்கு பேர் ஏறி விடுதியில் இறங்கும்போது அது ஆளுக்கு இருபது ஆகியிருக்கும், பெட்டிக்குத் தனிக் கணக்கும் வரலாம். மொத்தத் தொகையை உங்கள் ஃபோனில் தட்டி, "எல்லோருக்கும், பெட்டிகளோடு சேர்த்து" என்று காட்டி, அவர் தலையாட்டிய பிறகு ஏறுங்கள். ஹோராவுக்குள்தான் தங்குகிறீர்கள் என்றால் வேனே வேண்டாம். துர்லோஸிலிருந்து பழைய துறைமுகத்துக்குச் சிறு படகு ஓடுகிறது, கட்டணம் மிகக் குறைவு. தெற்குக் கடற்கரைகளான ஓர்னோஸ், ப்ளாட்டிஸ் யாலோஸ், பாரடைஸ் பக்கம் போகும் பேருந்துகள் ஃபாப்ரிக்கா நிறுத்தத்திலிருந்து கிளம்புகின்றன. எலியா, கலாஃபாட்டிஸ், ஆனோ மேரா பேருந்துகளுக்குப் பழைய துறைமுகப் பக்கத்து நிறுத்தத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பேருந்தைத் தவறவிட்டவர்கள்தான் வேன்காரரின் முதல் வாடிக்கையாளர்கள்.

கடற்கரையில் சாய்வு நாற்காலியின் விலை வரிசைக்கு வரிசை மாறும். தண்ணீரை ஒட்டிய முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம்கூட இருக்கும். ப்சாரூ போன்ற பகட்டான கடற்கரைகளில் முன்வரிசை நூறு யூரோவைத் தாண்டுவது சாதாரணம். கேட்க வேண்டியவை மூன்று. சொன்ன விலை ஒரு நாற்காலிக்கா, இரண்டு நாற்காலியும் குடையும் சேர்ந்த செட்டுக்கா? இவ்வளவுக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்சச் செலவு உண்டா? உண்டென்றால் நாற்காலிக் காசு அதில் கழியுமா, தனியா? மூன்றாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. பில் இரட்டிப்பாவது பெரும்பாலும் அங்கேதான்.

கிரேக்கத்தில் கடற்கரை பொதுச் சொத்து. 2024-இல் வந்த சட்டத்தின்படி கரையில் பாதியாவது நாற்காலி இல்லாமல் திறந்திருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் அது 70 சதவீதம். தண்ணீரிலிருந்து 4 மீட்டருக்குள் நாற்காலி போடக் கூடாது. எனவே வாடகைக்கு விடப்படாத பகுதியில் சொந்தத் துண்டை விரித்து உட்கார்ந்தவரை எழுந்து போகச் சொல்ல நாற்காலிக்காரருக்கு உரிமை இல்லை. வாடகைக்கு விடப்பட்ட பகுதி எதுவரை என்பதை 'மைகோஸ்ட்' என்ற அரசுச் செயலியின் வரைபடத்தில் பார்க்கலாம், அதிலேயே புகாரும் கொடுக்கலாம். இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு வடக்கே ஆகியோஸ் சோஸ்டிஸ், ஃபோகோஸ் இருக்கின்றன. அங்கே நாற்காலி வரிசைகள் கிடையாது, நிழலும் கிடையாது. தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.

இனி உணவகம். பெரிய தொகைகள் போவது இங்கேதான். உட்கார்ந்ததும் மெனு வராது. சிரித்த முகமாக ஒருவர் வந்து ஐஸ் மேல் அடுக்கிய மீன்களிடம் அழைத்துப் போவார். "இது இன்று காலை பிடித்தது, உங்கள் இருவருக்கும் சரியாக இருக்கும்" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். நீங்கள் தலையாட்டினால் விற்பனை முடிந்தது. முழு மீனுக்கு எடைக் கணக்கு. எடை போடுவது குடலும் செதிலும் எடுப்பதற்கு முன்னால். சில மெனுக்களில் கிலோ விலை இருக்கும், சிலவற்றில் 100 கிராம் விலை. 100 கிராம் 12 யூரோ என்பது பார்க்க மலிவாகத் தெரியும். அந்த மீன் 1.4 கிலோ இருந்தால் 168 யூரோ. கணவாயிலும் இதே கதை: ஒரு தட்டு என்று நினைத்துச் சொல்வீர்கள், வருவதோ 700 கிராம் எடையுள்ள ஒரு முழுக் கணவாய். சிங்கி இறால் போட்ட பாஸ்தா இன்னும் மோசம். பாஸ்தா என்ற பெயரைப் பார்த்துத் தட்டுக்கு விலை என்று எண்ணிக்கொள்கிறார்கள், ஆனால் அங்கே இறாலை எடை போட்டுத்தான் கணக்கு.

செய்ய வேண்டியது எளிது, கொஞ்சம் கூச்சத்தை விட வேண்டும். மீனை உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். எடையையும் மொத்த விலையையும் தாளில் எழுதி வாங்குங்கள், அல்லது தராசின் எண்ணைப் படம் எடுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம், இன்னும் எதுவும் சமைக்கப்படவில்லை. உறைந்த மீனை மெனுவில் நட்சத்திரக் குறியோ சுருக்கெழுத்தோ போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. "இன்று காலை பிடித்தது" என்று சொன்னவரிடம் அந்தக் குறியைச் சுட்டிக் காட்டிப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்த வலையில் அவ்வளவாக விழுவதில்லை. கிரேக்க சாலட், மஞ்சள் பருப்பை மசித்துச் செய்யும் ஃபாவா, அரிசி அடைத்த தக்காளி எல்லாம் தட்டுக் கணக்குதான். அவர்களைப் பிடிப்பது பானங்கள். அளவு கேட்காமல் ஒரு காக்டெயில் என்றால் பெரிய ஜாடியில் வந்து நிற்கும். கேட்காமலே வரும் ரொட்டி, ஆலிவ், சாஸ் கிண்ணங்களை வேண்டாம் என்றால் தொடாமல் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

விலைப் பட்டியல் வாசலிலும் இருக்க வேண்டும். உட்காரும் முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்க மெனுக்களில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: சட்டப்படியான ரசீது தரப்படாவிட்டால் வாடிக்கையாளர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்ல. இது அலங்காரத்துக்குப் போட்டதல்ல, சட்டப்படி அச்சிட்டே ஆக வேண்டிய வரி. மேசைக்கு வரும் எல்லாச் சீட்டும் ரசீது ஆகிவிடாது. ஆர்டரைக் குறித்த சீட்டை நீட்டிப் பணம் கேட்பவர்கள் உண்டு. உண்மையான ரசீதில் கடையின் பெயர், ஒன்பது இலக்க வரி எண், கியூஆர் குறியீடு இருக்கும். வரித்துறையின் 'அப்போதிக்சி' செயலியில் அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து பார்க்கலாம்.

கார்டு கருவியை நீட்டும்போது திரையைப் படியுங்கள். டிப்ஸ் முன்கூட்டியே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், டிப்ஸ் உங்கள் விருப்பம். ரூபாயிலா யூரோவிலா என்று கருவி கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கருவிக்காரர் பக்கம் முடிவு செய்கிறது, அது உங்கள் வங்கி விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

தங்குமிடத்தில் ஒரு கட்டணம் பலரை அதிர வைக்கிறது, ஆனால் அது உண்மையான வரி. 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை, அறைக்கு ஓர் இரவுக்கு மூன்று நட்சத்திர விடுதியில் 5 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 10, ஐந்தில் 15. முன்பதிவுத் தொகையில் இது பெரும்பாலும் சேராது, அங்கே போய்த்தான் கட்ட வேண்டும். ஏமாற்று எங்கே வருகிறது என்றால், இதையே ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதில். வரி அறைக்குத்தான், தலைக்கு அல்ல. வில்லா எடுப்பவர்கள் விளம்பரத்தில் அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண் இல்லாத வில்லாவுக்கு, முன்பதிவுத் தளத்துக்கு வெளியே வங்கிக் கணக்கில் முழுப் பணமும் கேட்டால், அந்த வில்லாவே இல்லாமலும் போகலாம்.

நான்கு சக்கர ஏடிவி வாடகைக்கு எடுக்க நினைப்பவர்களுக்கு: இந்திய, இலங்கை உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் அதை ஆர்டிஓ அலுவலகத்தில் கிளம்புமுன் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் அதைக் கேட்காமலே சாவி கொடுத்தால் அது தாராளம் என்று எண்ண வேண்டாம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்தக் காரணத்தையே காட்டிக் கைவிரிக்கும். "முழுக் காப்பீடு" என்று சொல்வதில் டயர், அடிப்பாகம், வண்டி கவிழ்வது ஆகியவை வழக்கமாகச் சேராது, மண் சாலையும் பெரும்பாலும் சேராது. ஃபோகோஸ் போகும் வழியில் மண் சாலை உண்டு. ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, மாலை கடை மூடும் வரைதானா என்று கேளுங்கள். எடுக்கும்போது சக்கர விளிம்பு, அடிப்பாகம், எரிபொருள் முள் எல்லாம் தெரிய வீடியோ எடுங்கள், கடைக்காரர் குரலும் அதில் பதிவாகட்டும். பாஸ்போர்ட்டை அடமானமாக வைக்கச் சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

பில் தகராறு வந்துவிட்டால் குரல் உயர்த்துவதில் பலனில்லை. மெனுவையும் பில்லையும் படம் எடுத்து, ரசீதைக் கேட்டு, கடைக்காரர் முன்னிலையிலேயே சுற்றுலாக் காவல் எண் 1571-ஐ அழையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1520. ஏற்றுக்கொள்ளாத தொகைக்குக் கார்டின் ரகசிய எண்ணைப் (PIN) போட்டுவிட்டு ஊருக்கு வந்து வங்கியிடம் முறையிட்டால் பணம் திரும்புவது கடினம், அந்த எண்ணை நீங்கள் சம்மதித்ததற்குச் சாட்சியாகத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். எனவே தகராறு முடியும்வரை கார்டு பையிலேயே இருக்கட்டும்.