நைல் ஆற்றின் இரண்டு கிளைகளில் எது பெரிது, நீல நைலா, வெள்ளை நைலா?

சூடானின் கார்ட்டூமில் இரண்டும் சேரும் இடத்தின் படத்தைப் பாருங்கள், வெள்ளக் காலத்தில் ஒரு பக்கம் கலங்கிய பழுப்பு, இன்னொரு பக்கம் வெளிறிய சாம்பல், கொஞ்ச தூரம் கலக்காமல் ஒட்டியே ஓடும்.

நைலின் நீளம் சுமார் 6,650 கி.மீ. என்பது வெள்ளை நைல் வழியாகப் போட்ட கணக்கு. அது விக்டோரியா ஏரியிலிருந்து உகாண்டாவின் ஜிஞ்சாவில் கிளம்பி, தெற்கு சூடானின் சட் சதுப்பு நிலத்தில் பாப்பிரஸ் கோரைக்குள் பரவி, ஏறக்குறைய பாதித் தண்ணீரை வெயிலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வடக்கே வரும்.

நீல நைல் எத்தியோப்பியாவின் தானா ஏரியிலிருந்து சுமார் 1,450 கி.மீ. தான். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைநாட்டில் பெய்யும் மழை மண்ணையும் அரித்துக்கொண்டு இறங்கும். அஸ்வான் உயர் அணை 1970-ல் முடியும் முன்பு, எகிப்து வயல்களில் வருஷா வருஷம் படிந்த கறுப்பு வண்டலில் பெரும்பகுதி இந்த மலைமண்தான்!

எனக்கு நீல நைல்தான் பெரிது. சரி, கோடையில்? அப்போது நீல நைல் ஒடுங்கிவிடும், நிதானமாக வரும் வெள்ளை நைல்தான் ஆற்றை வற்றவிடாமல் காப்பாற்றும்.