பகடையா, பாயின்ட்டா? ஒரு டிஎம்மின் கணக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் எங்கள் மேசையில் இனிமேல் ஸ்டேட்ஸுக்கு, அதாவது கேரக்டரின் பலம், அறிவு போன்ற திறன் எண்களுக்கு, பகடை கிடையாது, பாயின்ட்டைச் செலவழித்து எண்களை வாங்கும் பாயின்ட் பை மட்டும்தான். பதினான்கு மாதம் ஒரு கேம்பைனை, அதாவது ஒரு தொடர்கதையை, டிஎம்மாக (கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டராக) நடத்திப் பட்ட பிறகு எடுத்த முடிவு இது.

நாங்கள் ஆடும் 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு ஆறு ஸ்டேட்ஸுக்கு மூன்று வழி தருகிறது. 15, 14, 13, 12, 10, 8 என்ற ரெடிமேட் எண்களை எடுத்துக்கொள்வது ஒன்று. முதல்முறை ஆடுகிறவர் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஆட்டத்துக்குப் போங்கள், யோசிக்கவே வேண்டாம். போட்டி மற்ற இரண்டுக்கும்தான்: ஆறுமுகப் பகடை நான்கை உருட்டிச் சின்னதைக் கழித்துக் கூட்டுவது, அல்லது 27 பாயின்ட்டை வைத்து 8 முதல் 15 வரை எண்களை வாங்குவது.

உருட்டுவதில் இருக்கும் குஷியை நான் மறுக்கவில்லை. நான்கு பகடையில் மூன்று ஆறு விழுந்தால் மேசையே கத்தும். 18 வர வாய்ப்பு 1296-க்கு 21தான். ஆறு முறை உருட்டினாலும் பத்துப் பேரில் ஒருவருக்குக் கூட ஒரு 18 வருவது நிச்சயமில்லை. சராசரி பார்த்தால் இரண்டு வழியும் ஏறக்குறைய சமம்தான், பகடை ஒரு முடி மேலே. ஆனால் மேசையில் உட்கார்ந்து ஆடுவது சராசரி இல்லையே.

எங்கள் குழுவின் வாள்வீரரான ஃபைட்டருக்கு விழுந்தது 17, 16, 15, 13, 12, 10. புனித வீரரான பாலடினுக்கு 13, 12, 11, 10, 9, 7. மறுபடி உருட்டலாமா என்று பாலடின் கேட்டார். "விதி விதிதான்" என்று நான் பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். தப்பு என்னுடையது.

இருவரும் மனிதர்கள், எல்லா ஸ்டேட்டும் ஒன்று கூடும். ஆக ஃபைட்டரின் ஸ்ட்ரெங்த் (பலம்) 18, பாலடினுடையது 14. கையில் ஒரே லாங்ஸ்வோர்ட், எதிரே கோப்லின் என்ற ஒரு குட்டி அரக்கன்: வெட்டு பட எட்ட வேண்டிய ஆர்மர் கிளாஸ் 15, உயிரைக் காட்டும் ஹிட் பாயின்ட் 7. ஸ்ட்ரெங்த் முதலானவை தரும் கூடுதல் சேர்வதால், இருபதுமுகப் பகடையில் ஃபைட்டருக்கு 9 விழுந்தால் வெட்டு படும், பாலடினுக்கு 11 வேண்டும். பட்ட பிறகும் எட்டுமுகப் பகடையில் ஃபைட்டருக்கு 3 போதும், பாலடினுக்கு 5 வேண்டும். கிரிட்டிக்கல், ஃபைட்டிங் ஸ்டைல் மாதிரி சிறப்பு விதிகளை எல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஒரே வீச்சில் கோப்லினைச் சாய்க்க ஃபைட்டருக்கு 45 சதவீதம், பாலடினுக்கு 25. காகிதத்தில் நாலு எண் வித்தியாசம், ஆட்டத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இதுவும் பெரிய விஷயமில்லை, இந்த இடைவெளி மூடிவிட்டால். மூடவில்லை என்பதுதான் என் புகார். நாலாவது லெவலில் இருவரும் ஸ்ட்ரெங்த்தை ஆளுக்கு இரண்டு ஏற்றினார்கள்: 20, 16. வித்தியாசம் அப்படியே நின்றது. ஃபைட்டர் 20-க்கு மேல் போக முடியாது, சரி. ஆனால் பாலடின் 20-ஐத் தொடப் பன்னிரண்டாவது லெவல் வரை காத்திருக்க வேண்டும், அதுவும் கரிஸ்மா என்ற வசீகர எண்ணைத் தொடாமல். பாலடினுக்கு ஆறாவது லெவலில் கிடைக்கும் ஆரா என்ற காப்புச் சக்தி, கரிஸ்மாவை நம்பித்தான் இருக்கிறது. அதாவது ஸ்ட்ரெங்த்தும் வேண்டும், கரிஸ்மாவும் வேண்டும், அடி தாங்கக் கான்ஸ்டிட்யூஷனும் வேண்டும். ஒரே நல்ல எண்ணை வைத்துப் பிழைக்கும் மந்திரவாதியான விசார்டுக்கு மட்டமான உருட்டல் அவ்வளவு வலிக்காது. எங்கள் கேம்பைன் ஏழாவது லெவலில் முடிந்தது. முதல் ராத்திரி பத்து நிமிடம் உருட்டியதற்குப் பதினான்கு மாதம் வட்டி கட்டினோம்.

டிஎம்முக்கு வேறு தலைவலி. ஃபைட்டருக்குச் சவாலாக ஓகர் என்ற ராட்சசர்களைக் கூட்டினால் பாலடின் முதலில் விழுவார். குறைத்தால் ஃபைட்டர் தனியாகவே முடித்துவிடுவார், மற்றவர்கள் போனை நோண்டுவார்கள்.

1974-இல் வந்த மூல ஆட்டத்திலும் பகடைதானே என்று கேட்பார்கள். உண்மைதான், மூன்று பகடை. ஆனால் அந்தப் புத்தகங்களில் அதிக ஸ்ட்ரெங்த் இருந்தாலும் வெட்டுக்குக் கூடுதல் கிடைக்காது. அடுத்த ஆண்டு வந்த துணைப் புத்தகத்தில்தான் அது நுழைந்தது. கேரக்டர்களும் பொசுக்கென்று செத்துப் போகும், புதிதாக உருட்டிக்கொள்ளலாம். மட்டமான எண்ணோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்த வேண்டியதில்லை.

பாயின்ட் பையிலும் குறை உண்டு. 15, 15, 15, 8, 8, 8 என்று வாங்கினால் சரியாக 27 பாயின்ட் செலவாகும். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள், குழுவில் பாதிப் பேர் இன்டெலிஜென்ஸ் 8-ஓடு அலைவார்கள். ஒரே ராத்திரியில் முடியும் கதை என்றால் நானே பகடையைத்தான் எடுப்பேன்.

ஆளுக்கு ஓர் எண் உருட்டி, ஆறாவதை டிஎம் உருட்டி, அந்த ஆறையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. குஷியும் இருக்கிறது, சண்டையும் இல்லை. ஆனால் மூன்று வாரக் கதை ஒன்றில் மட்டும்தான் ஆடிப் பார்த்திருக்கிறேன். நீண்ட கேம்பைனுக்குத் தாங்குமா என்று அதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

புது கேம்பைனுக்கு அதே பாலடின் நண்பர் மறுபடி பாலடின்தான் எழுதினார், 15, 15, 15. எழுதி முடித்ததும் பகடைப் பையைக் குலுக்கிக் காட்டி, "லெவல் ஏறும்போது ஹிட் பாயின்ட்டாவது உருட்டலாமா?" என்றார். புத்தகத்தில் இருக்கும் 6-ஐயே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முறைத்துவிட்டுப் பையைக் கட்டினார்.