போனா கேமராவா, முழு டேக்கா வரி வரியா: மாணவர் பாட்டு வீடியோவுக்கு எது கைகொடுக்கும்?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் என்று வந்ததும் பாதிப் பேர் குறும்படம் என்பார்கள். மீதிப் பேர், “பாட்டு வீடியோ பண்ணலாம்டா, டயலாக் தொல்லை இல்ல” என்பார்கள். டயலாக் இல்லைதான். முன்பே பதிவான பாட்டை ஓடவிட்டு, பாடுகிறவரைக் கூடவே பாட வைத்துப் படமெடுப்போம், எடிட்டில் அந்தப் பதிவையே படத்தோடு சேர்ப்போம். ஆனால் குறும்படத்தில் ஒரு வசனம் சொதப்பினால் டப்பிங்கில் சமாளிக்கலாம். பாட்டில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போய்விட்டால் சமாளிக்க இடமே கிடையாது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் படும், தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

அதனால் “எது நல்லது” என்று என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளிடம் நான் விலையையோ பிராண்டையோ பேசுவதில்லை. உதடும் பாட்டும் சேர இது உதவுமா, கெடுக்குமா? இந்த ஒன்றை வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

சினிமாப் பாட்டா, நண்பனின் பாட்டா

ஹிட்டான சினிமாப் பாட்டை எடுத்தால் வகுப்பில் கைதட்டல் நிச்சயம். ஆனால் யூடியூபில் ஏற்றியதும் பாட்டை அடையாளம் காணும் கன்டென்ட் ஐடி பிடித்துவிடும். உரிமையாளர் விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், வீடியோவையே முடக்கவும் செய்யலாம். நாளை வேலை கேட்டுப் போகிற இடத்தில் காட்ட வேண்டிய லிங்க் அது. கல்லூரியில் சொந்தமாக மெட்டுப் போடுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் போய் எழுத்தில் ஒரு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தப் பாட்டில் வேறொரு ஆபத்து உண்டு, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் முதல் வீடியோவுக்கு ஷூட் முடித்து வந்த இரவு, பாட்டுப் போட்ட நண்பன் “கொஞ்சம் ஸ்பீடாக்கினேன், இப்பதான் செமயா இருக்கு” என்று புது ஃபைலை அனுப்பினான். பாட்டின் வேகம் 92 பிபிஎம்மாக (நிமிடத்துக்கு 92 தாளத் தட்டு) இருந்தது 94 ஆகியிருந்தது. காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் 3 நிமிடம் 40 விநாடிப் பாட்டில் அதனால் கிட்டத்தட்ட 5 விநாடி குறைந்துவிட்டது. பல்லவி ஓரளவு சேர்ந்தது. இரண்டாம் சரணத்தில் பாட்டு முன்னே போய்விட்டது, உதடு பின்னால் ஓடி வந்தது. பழைய வேகத்துக்கே திரும்பினோம். மிக்சிங் பிறகு நடக்கட்டும், வயலின் பிறகு சேரட்டும். டெம்போவும் (வேகமும்) நீளமும் மட்டும் ஷூட்டுக்கு முன்னால் முடிவாகிவிட வேண்டும்.

போனா, கேமராவா

நம்மூர் மாணவர் கைக்கு வருகிற கேமரா பெரும்பாலும் கேனான் 200டி 2 மாதிரி ஒன்றாக இருக்கும். சீனியரிடம் இரவல், இல்லையென்றால் நாள் வாடகை. கூட ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். பாடுகிறவர் முகத்துக்கு நெருக்கத்தில் அந்த லென்ஸ் தருகிற படம் தனி அழகு: கண் கூர்மையாக, பின்னால் இருக்கும் டியூப் லைட் ஒரு பூவாக. போனின் சிறிய சென்சாரில் அது இயல்பாக வராது. போர்ட்ரெய்ட் மோடு போட்டால் காதோரம் முடி பிய்ந்து தெரியும். அந்தக் கேமராவில் 4கே மட்டும் வேண்டாம். படத்தின் ஓரம் அதிகமாக வெட்டுப்படும், ஃபோகஸும் தடுமாறும். 1080-இல் வையுங்கள், அங்கே ஃபோகஸ் முகத்தை விடாமல் பிடிக்கும்.

போனின் பலம் வேறு. பஸ்ஸுக்குள், மாடிப்படியில், பைக் பின்சீட்டில் என்று நுழைய முடிகிற இடமெல்லாம் அது வரும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் போனை ஆட்டோ மோடில் விட்டால் இரண்டு விதத்தில் கெடுக்கும்.

முதலாவது ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. 30 என்று வைத்தாலும் வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் சத்தமில்லாமல் அதைக் கூட்டிக் குறைக்கும். சில எடிட்டிங் மென்பொருள்களுக்கு இது புரியாது. பாட்டின் தொடக்கத்தில் சரியாக இருந்த உதடு முடிவுக்குள் விலகிவிடும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப் ஐபோனுக்கு 2023-இலும் ஆண்ட்ராய்டுக்கு 2024-இலும் வந்தது. அதில் ஃபிரேம் ரேட், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) நான்கையும் மாறாமல் பூட்டிவிடலாம். எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் அது ஓடாது. ஓடாவிட்டால், எடுத்ததை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே எடிட் டைம்லைனில் வையுங்கள்.

இரண்டாவது விளக்கு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப் லைட்டும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 30 ஃபிரேமில் 1/60 ஷட்டரில் எடுத்தால் சுவரில் கறுப்புப் பட்டை ஏறி இறங்கும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்றால் போய்விடும். ஐபோன் செட்டிங்ஸில் பிஏஎல் ஃபார்மட்டை ஆன் செய்தால்தான் 25 கண்ணில் படும். அப்படியே எச்டிஆர் வீடியோவை ஆஃப் செய்துவிடுங்கள், எடிட்டில் முகம் வெளிறாமல் தப்பிக்கலாம். வெட்டவெளியில் நட்டநடு வெயிலில் போனை 1/50-இல் வைத்தால் படம் வெளுத்துவிடும் என்பதும் உண்மை. லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லையென்றால் மாலை 5 மணிக்கு மேல் எடுங்கள், முகத்தின் நிழல் பக்கத்துக்கு ஒளியைத் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டை போதும்.

என் தீர்ப்பு: நெருக்கமான முகத்துக்குக் கேமரா, மற்றதற்குப் போன். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பூட்டிய போன். இரண்டிலும் 25 என்றே வையுங்கள்.

முழு டேக்கா, வரி வரியாகவா

கேமராவைப் பற்றி எல்லாரும் சண்டை போடுவார்கள், இதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வீடியோவின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வரி வரியாக எடுப்பது சினிமாக்காரர்கள் வழி. ஷாட்டுகளை வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டு இருக்கும், எந்த வரிக்கு எந்த ஷாட் என்று எழுதியிருக்கும், உதவி இயக்குநர் பிட் பிட்டாகப் பாட்டை ஓடவிடுவார். நன்றாகத் திட்டமிட்டால் நேரம் மிச்சம், ஒவ்வொரு ஷாட்டும் செதுக்கினது போல வரும். ஆனால் பழக்கமில்லாதவர் வரியின் நடுவில் பாடத் தொடங்கும்போது முதல் இரண்டு சொல் கோட்டைவிடுவார். எடிட்டில் வெட்ட வேண்டிய இடம் பெரும்பாலும் அந்த இரண்டு சொல்தான்.

முழு டேக் என்றால் ஒவ்வொரு இடத்திலும் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை பாட வைத்து எடுப்பது. 4 நிமிடப் பாட்டு, 8 டேக், மொத்தம் 32 நிமிடம். ஐபோனில் 4கே 30 ஃபிரேமில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, ஆக ஐந்தரை ஜிபிதான். பாடுகிறவர் நாலாவது டேக்கில் கேமராவை மறப்பார், ஆறாவதில் தானாகக் கை எழும்பும். அந்தக் கையை எந்த ஸ்டோரிபோர்டிலும் எழுதிவைக்க முடியாது. முதல் வீடியோ எடுப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது முழு டேக். அதற்கு மேல் நெருக்கமான நாலைந்து ஷாட்டை மட்டும் வரி வரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் பாடுகிறவர் வாய்விட்டுப் பாட வேண்டும். கூச்சப்பட்டு உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து காட்டிக்கொடுக்கும். மேல் ஸ்தாயியில் நரம்பு புடைக்கவில்லை, மூச்சு எடுக்கும்போது தோள் ஏறவில்லை என்றால் பார்ப்பவர் மனம் நம்பாது. ஸ்பீக்கரைச் சத்தமாக வையுங்கள், தொடங்கும் நேரம் தெரிய பாட்டுக்கு முன்னால் மூன்று பீப் சேர்த்து வையுங்கள். கேமரா மைக்கில் பாட்டு பதிவாவதும் அவசியம், எடிட்டில் சேர்ப்பது அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 25 ஃபிரேமில் கணக்குப் போட்டால், கிட்டத்தட்ட 14 மீட்டருக்கு ஒரு ஃபிரேம் தாமதம். பாடுகிறவர் ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்க, கேமராவை 30 மீட்டர் தள்ளி வைத்து ஜூம் போட்டு எடுத்தால், மைக்குக்குப் பாட்டு இரண்டு ஃபிரேம் தாமதமாகத்தான் வரும். மென்பொருள் சத்தத்தைக் கச்சிதமாகச் சேர்த்துவிடும், உதடு இரண்டு ஃபிரேம் முந்தி நிற்கும். அந்தக் கிளிப்பை மட்டும் டைம்லைனில் வலப்பக்கம் இரண்டு ஃபிரேம் தள்ளுங்கள்.

ஸ்லோமோஷனில் உதடு சேர வேண்டுமா? 50 ஃபிரேமில் எடுங்கள், ஸ்பீக்கரில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிடுங்கள், பாடுகிறவர் அந்த வேகத்தில் பாடட்டும். எடிட்டில் 25-க்கு இறக்கினால் முடி மெதுவாகப் பறக்கும், உதடு மட்டும் பாட்டோடு போகும். மெல்லிசைக்கு அழகாக வரும். ராப் பாடும் தம்பிகளுக்கு இரட்டை வேகத்தில் நாக்கு சுழலாது, அவர்களுக்கு இது வேண்டாம்.

இடத்தைப் பற்றி இரண்டே வரி. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மாதிரித் தொல்லியல் துறை இடங்களில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பதில் விடுதி மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் நிம்மதியாக எட்டு டேக் எடுக்கலாம்.

எடிட்: போன் ஆப், ரிசால்வ், பிரீமியர், கேடென்லைவ்

போன் ஆப்களில் கேப்கட் இந்தியாவில் தடை. விஎன், இன்ஷாட், கைன்மாஸ்டர் இருக்கின்றன. 30 விநாடி ரீலுக்கு இவை தாராளம். எட்டு டேக்கை அடுக்கி, சத்தத்தை வைத்துச் சேர்த்து, ஆங்கிள் மாற்றி மாற்றி வெட்டும் வேலைக்குச் சரிவராது. விரலால் ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளியே விடிந்துவிடும்.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு என் முதல் தேர்வு. கிளிப்களெல்லாம் இருக்கும் மீடியா பூலில் எட்டு டேக்கையும் பாட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, சத்தத்தை வைத்து மல்டிகேம் கிளிப் (எல்லா ஆங்கிளும் ஒன்றாக அடங்கியது) ஆக்கச் சொன்னால் தானே சேர்த்துவிடும். பிறகு பாட்டை ஓடவிட்டு 1, 2, 3 என்று எண் தட்டத் தட்ட ஆங்கிள் மாறும். தாளத்தைக் காதால் கேட்டு விரலால் வெட்டுகிற அந்த அனுபவத்துக்காகவே பாட்டு வீடியோ எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றும். நிறம் திருத்தவும் வேறெங்கும் போக வேண்டாம். குறை என்னவென்றால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் கேட்கும். இன்னொன்று, கல்லூரி லேபில் உபுண்டு இருந்தால் இலவச ரிசால்வ் உங்கள் போன் கிளிப்பைத் திறக்காது, உபுண்டு மாதிரியான லினக்ஸில், போன்கள் வீடியோவைச் சேமிக்கும் எச்.264, எச்.265 வடிவங்கள் இரண்டும் காசு கொடுத்த பதிப்புக்குத்தான்.

பிரீமியர் இதே வேலையைச் செய்யும், டுட்டோரியல் கொட்டிக் கிடக்கிறது, வேலைக்குப் போகிற இடத்திலும் கேட்பார்கள். மாத வாடகைதான் உறுத்துகிறது. லேபில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காக வாங்காதீர்கள்.

பழைய லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்குக் கேடென்லைவ். முழுக்க இலவசம், லினக்ஸிலும் ஓடும். ப்ராக்ஸியை (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல்) ஆன் செய்தால் 8 ஜிபி ரேமிலும் மூச்சு விடும். ஒரு டேக்கின் சத்தத்தை இன்னொன்றோடு சேர்க்கும் வசதியும் உண்டு. எதில் வெட்டினாலும் கிளிப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வாங்காதீர்கள். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது.

சேர்ந்ததா என்று பார்க்க, ப, ம வருகிற சொல்லைத் தேடுங்கள். இரண்டும் இதழ் பொருந்திப் பிறக்கிற எழுத்துகள் என்று பள்ளியில் படித்தோமே, அதுவேதான். பாட்டில் “அம்மா” என்று வந்தால் அந்த இடத்தில் நிறுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகருங்கள். டைம்லைனில் தெரியும் ஒலியின் அலைவடிவம் ஒடுங்குகிற ஃபிரேமில் உதடு மூடியிருக்க வேண்டும். பல்லவியில் ஒன்று, கடைசிச் சரணத்தில் ஒன்று என்று ஒவ்வொரு டேக்கிலும் இரண்டு இடம் பார்த்தால் விலகல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யும்போது புளூடூத் இயர்பட்ஸைக் கழற்றிவிட்டு வயர் ஹெட்போன் மாட்டுங்கள். புளூடூத்தில் சத்தம் சில ஃபிரேம் பிந்தித்தான் காதுக்கு வரும். போன வருடம் ஒரு தங்கை, சரியாகச் சேர்ந்திருந்த எட்டு டேக்கையும் அந்தத் தாமதத்தை நம்பி ராத்திரி முழுக்க உட்கார்ந்து நகர்த்தி வைத்திருந்தாள். காலையில் லேப் ஸ்பீக்கரில் போட்டபோதுதான் தெரிந்தது.