14 மாதமாக ஓடும் ஏர் பெட்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 71 வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே, வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே சர்ஜிக்கல் கடைக்குப் போய் ஏர் பெட் வாங்கி வந்தேன். விலை 3,200 ரூபாய். ஒரு மெத்தை, ஒரு சின்ன பம்ப், இரண்டு ட்யூப்.

"இதைப் போட்டுட்டா புண்ணுங்கிற பேச்சே இல்லீங்க, திருப்பிப் படுக்க வைக்கவும் வேண்டாம்" என்றார் கடைக்காரர். அவர் சொன்ன இரண்டுமே தப்பு. நான் நம்பிவிட்டேன்.

மெத்தை முழுக்க வரிசை வரிசையாகக் குமிழ்கள். ஒரு வரிசையில் காற்று ஏறும்போது பக்கத்து வரிசையில் இறங்கும். பத்து நிமிஷம் போனால் இது மாறும். எலும்பு ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருந்தால் அங்கே ரத்தம் ஓடாமல் தோலும் சதையும் செத்துப்போகின்றன, அதுதான் படுக்கைப் புண். அந்த அழுத்தத்தை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது மட்டும்தான் இந்த மெத்தையின் வேலை. புண் ஆறுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. மருந்து வைத்துக் கட்டியது, சத்தான சாப்பாடு, ஈரமில்லாமல் பார்த்துக்கொண்டது எல்லாம் சேர்ந்துதான் ஆற்றின. ஆனால் மெத்தை இல்லாமல் ஆறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கரண்ட் செலவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எங்கள் பம்ப் 7 வாட். நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு 5 யூனிட்தான் ஆகும். வீட்டு இன்வெர்ட்டருக்கு அது ஒரு சுமையே இல்லை, தனி இணைப்பு போட்டுக் கொடுத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், கரண்ட் போனதும் இரண்டு ட்யூபையும் மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டால் காற்று சீக்கிரம் இறங்காது.

சத்தம் உண்டு. முதல் வாரம் அம்மா, "ஏங்கண்ணு, இந்த மிசினு ராத்திரியெல்லாம் முனகிட்டே கெடக்குதே" என்றார். பம்பைக் கட்டில் சட்டத்தில் மாட்டும்போது நடுவில் ஒரு துண்டு ஃபோம் வைத்தேன், பாதி குறைந்தது. அப்புறம் எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கமே வரும் என்றாகிவிட்டது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

பதினோராவது மாதம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சிஸ்டர், அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வலது இடுப்பெலும்பின் மேல் ஒரு தடம். விரலால் அழுத்தி எடுத்தார். நிறம் மாறவே இல்லை. அழுத்தினால் வெளுத்துத் திரும்பவும் நிறம் வந்தால் பயமில்லை, அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்றார். நம் தோல் நிறத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, சூடாக, தொட்டால் கெட்டியாக இருக்கும்.

அடுத்து மெத்தைக்கு அடியில் கையை விட்டார். அம்மாவின் எலும்பு நேராகக் கையில் இடித்தது. பம்ப் முனகிக்கொண்டேதான் இருந்தது, காற்று மட்டும் போகவில்லை. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் அம்மாவுக்கும் வலிக்கவில்லை. தினமும் மோட்டார் சத்தத்தை வைத்தே பழுது கண்டுபிடிக்கிற ஆள் நான். சத்தம் வருகிறதே என்று நம்பிக் கிடந்துவிட்டேன். "மெத்தை இருக்குதுன்னு திருப்பிப் படுக்க வைக்கறத உட்றாதீங்ணா" என்று மட்டும் சொன்னார் சிஸ்டர். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பம்பைத் திறந்து பார்த்தேன். மீன் தொட்டியில் காற்று விடும் பம்ப் மாதிரியேதான். காந்தம் அதிர்ந்து ஒரு ரப்பர் சவ்வை ஆட்டுகிறது, அந்தச் சவ்வு கிழிந்திருந்தது. காந்தம் ஆடிக்கொண்டே இருப்பதால் சத்தம் நிற்காது. ஒரு வருஷ வாரண்டி இருந்தும் கம்பெனி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. அதே அளவு சவ்வு தேடிப் போட்டேன், இப்போது ஓடுகிறது. காற்று குறைந்தால் கத்துகிற அலாரம் விலை கூடின மாடல்களில் இருக்கிறது. உணர்ச்சியில்லாமல் படுத்திருப்பவர்களுக்கு விற்கிற சாமானில், எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், அந்த அலாரம் இருந்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு விற்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

இப்போது காலையும் ராத்திரியும் இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துப் பார்க்கிறோம். உள்ளங்கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். படுத்திருப்பவர் எடைக்குத் தகுந்தபடி பம்பில் உள்ள காற்றுத் திருகைத் திருப்புங்கள். கல் மாதிரி உப்பினால் சாதாரணப் பலகைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மேலே கனமான போர்வையோ ரப்பர் ஷீட்டோ போட்டால் குமிழ் வேலை செய்வது உடம்புக்குப் போய்ச் சேராது. அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றைத் தளர்வாக விரிக்கிறோம். சித்திரை வெயிலில் மெத்தையின் ரெக்ஸின் வேர்த்துக் கொட்ட வைக்கும், அப்போது சேலையை நாளுக்கு மூன்று தடவை மாற்ற வேண்டியிருந்தது. குதிகாலுக்கு இந்த மெத்தை போதாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைக்கிறோம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறோம். பகலில் என் மனைவி, ராத்திரி 10, 12, 2, 4 நான். வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள். முடிந்தால் அலாரம் உள்ளதாகவே பார்த்து வாங்குங்கள். உதிரி சவ்வு ஒன்றும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது.