பேப்பர் ஸ்டூடியோ இன்டர்ன்ஷிப்பா, ரிக் ஸ்டூடியோ இன்டர்ன்ஷிப்பா? ரெண்டுலயும் இருந்துட்டு எழுதுறேன்

2டி அனிமேஷன் படிச்சு கடைசி செமஸ்டர்ல நிக்கிற தம்பி தங்கச்சிங்க நெறைய பேர் கேக்குற கேள்வி இது. பேப்பர்ல கையால வரையுற ஸ்டூடியோக்கு இன்டர்னா போலாமா, இல்ல கட்-அவுட் ரிக் (கம்ப்யூட்டர்ல துண்டு துண்டா கோத்து ஆட்டுற பொம்மை மாதிரி கேரக்டர்) வச்சு சீரிஸ் பண்ற ஸ்டூடியோக்கு போலாமா? நான் மொதல்ல மும்பைல ஒரு சின்ன பேப்பர் ஸ்டூடியோல இன்டர்னா இருந்தேன், அது முடிஞ்சதும் பெங்களூர்ல வெளிநாட்டு டிவி சீரிஸ் பண்ற ஒரு ரிக் ஸ்டூடியோல இன்டர்னா சேந்து அங்கயே கொஞ்ச காலம் வேலையும் பாத்தேன். என் ஓட்டு பேப்பருக்குத்தான், அதை இப்பவே சொல்லிடுறேன். காரணம் நெறைய பேர் நெனைக்கிற மாதிரி கையால வரையுறதுல இருக்குற அழகு, பழைய படங்க மேல உள்ள பாசம் அதெல்லாம் கெடையாது, ரீடேக், அதாவது திருத்தச் சொல்ற வேலை, எப்படி திரும்பி வருதுங்குற ஒரே விஷயம்தான்.

காசு விஷயத்த சீக்கிரம் முடிச்சிடலாம். ரிக் ஸ்டூடியோலதான் ஸ்டைபென்ட் ஒழுங்கா வரும், சீட்டும் நெறைய இருக்கும். பேப்பர் ஸ்டூடியோ இப்ப ரொம்ப கம்மி, இருக்குறதும் சின்னச் சின்ன இடம், விளம்பரப் படம், குறும்படம்னு ஓட்டுவாங்க, அங்க குடுக்குறது மும்பை ரூம் வாடகைக்கே பத்தாது. வீட்லேர்ந்து கொஞ்சமாச்சும் காசு வந்தாதான் தாக்குப் பிடிக்க முடியும், முடியாதவங்க ரிக்குக்கு போங்க, அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல. சென்னையிலேயே இருக்கணும்னா ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ்னு சினிமா விஎஃப்எக்ஸ் வேலைதான் அதிகம் மாட்டும், அது வேற தொழில், அதுல போயிட்டு 2டிக்கு திரும்பி வர்றது கஷ்டம், அதனால இந்த அலசல்ல அதை சேக்கல.

பேப்பர் ஸ்டூடியோல இன்டர்ன் என்ன பண்ணுவான்னா, மொதல்ல சில வாரம் கிளீனப் மட்டும்தான். அனிமேட்டர் நீல பென்சில்ல கரடுமுரடா போட்ட கீ டிராயிங் (அசைவோட முக்கியமான நிலை) மேல புது பேப்பர் வச்சு, லைட் பாக்ஸ் வெளிச்சத்துல ஒரே கோடா சுத்தமா எடுக்கணும். மூணு ஓட்டை போட்ட பேப்பர், நடுவுல வட்டம், ரெண்டு பக்கமும் நீளமா பட்டை ஓட்டை, அதை பெக் பார்ல மாட்டிட்டா எந்த ஷீட்டும் அசையாது. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா முடி நுனில கோடு எங்க மெலியணும், தாடை கீழ எங்க அழுத்தணும்னு கைக்கு பழகுறதுக்கே நாள் ஆகும். அது பழகின பிறகுதான் இன்பிட்வீன், அதாவது ரெண்டு கீக்கு நடுவுல வர்ற டிராயிங், கைக்கு வரும். ஸ்கேன் பண்றது, ஷீட்டுக்கு நம்பர் போடுறது, ஃபோல்டர் அடுக்குறதும் நம்ம தலையிலதான்.

ரெண்டு ஸ்டூடியோக்கும் உள்ள வித்தியாசமே இந்த இன்பிட்வீன்லதான் இருக்கு, அதனால ஒரு உதாரணத்த மெதுவா சொல்றேன். ஒரு கேரக்டர் இடது பக்கம் பாத்துட்டு இருக்கு, வலது பக்கம் தலைய திருப்புது. அனிமேட்டர் 1, 9 ரெண்டு கீ வரைஞ்சு குடுத்துட்டாரு. செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொரு டிராயிங்கையும் ரெண்டு ஃப்ரேம் நிறுத்துறதால செகண்டுக்கு 12 டிராயிங் போதும், நம்பர் எல்லாம் ஒத்தப்படையா வரும், நாம போட வேண்டியது 3, 5, 7. கீ டிராயிங் ஓரத்துல எந்த டிராயிங் எங்க வரணும்னு காட்டுற டைமிங் சார்ட் ஒண்ணு சின்னதா போட்டிருப்பாரு. 9 கிட்ட போகப் போக தலை மெதுவாகணும், அதனால 3 வந்து 1க்கும் 9க்கும் நட்ட நடுவுல, 5 வந்து 3க்கும் 9க்கும் நடுவுல, 7 வந்து 5க்கும் 9க்கும் நடுவுல. அப்ப மொதல்ல 3, அப்புறம் 5, அப்புறம் 7, இந்த வரிசைலதான் வரைய முடியும்.

புதுசா வர்ற எல்லாரும் 1, 9 ரெண்டையும் லைட் பாக்ஸ்ல அடுக்கி ரெண்டு மூக்குக்கும் நடுவுல ஒரு மூக்கு, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல ஒரு கண்ணுன்னு போட்டுடுவாங்க. அளந்து பாத்தா சரியாத்தான் இருக்கும், ஓட்டிப் பாத்தா தலை திரும்பாது, சறுக்கிட்டு போகும், போற வழியில சுருங்கியும் போயிடும். ஏன்னா திரும்புற தலைல மூக்கு நுனி நேர்கோட்டுல போகாது, கொஞ்சம் கீழ எறங்கி வளைஞ்சு ஏறும். இதுக்கு ஒரு வழி இருக்கு, ரெண்டு கீயையும் பெக்லேர்ந்து கழட்டி மண்டை மேல மண்டை பொருந்துற மாதிரி நகத்தி வச்சு, அது மேல நம்ம ஷீட்ட நடுவாப்ல ஒட்டி, மண்டையோட அளவ பிடிச்சுகிட்டு, அப்புறம் திரும்ப பெக்ல மாட்டி வளைவ சரி பண்ணணும். இத எங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க, நோட்ல எழுதியும் வச்சிருந்தோம், ஆனா கைக்கு வந்தது ஸ்டூடியோலதான்.

எங்க கிளீனப் சூப்பர்வைசர் கொல்கத்தாக்காரர், எல்லாரும் தாதான்னு கூப்பிடுவோம், வங்காளத்துல அண்ணன்னு அர்த்தம். ஃபோல்டர எடுத்துட்டு போய் குடுத்தா மொதல்ல வாயே தொறக்க மாட்டாரு. அஞ்சு ஷீட்டையும் விரலிடுக்குல ஒண்ணொண்ணா கோத்து முன்னும் பின்னும் புரட்டுவாரு. ரெண்டு மூணு தடவ. அப்புறம் 3ஆம் டிராயிங்க பெக்ல மாட்டி, அது மேல ஒரு வெத்து ஷீட்ட போட்டு, சிவப்பு பென்சில்ல மூக்கு நுனிய கொஞ்சம் கீழ, கண்ணு கோட்ட இன்னும் கொஞ்சம் கீழ, அந்தப் பக்கத்து கன்னத்த உள்ள தள்ளி, நாலே கோடு. அந்த கரெக்‌ஷன் ஷீட்ட நம்ம டிராயிங் மேலயே வச்சு திருப்பிக் குடுத்துடுவாரு. அவ்வளவுதான் அவர் வேலை.

இப்ப கவனிங்க, 3 மாறிடுச்சுன்னா 5 தப்பு, ஏன்னா 5 வந்து 3லேர்ந்து பொறந்தது. 5 தப்புன்னா 7 தப்பு. மூணையும் அவரே உக்காந்து வரைஞ்சா அவரோட அன்னைக்கு வேலை போச்சு, அதனால அவர் ஒண்ணுல மட்டும் வழி காட்டுவாரு, மிச்சத்த நாமதான் போடணும். ஃபோல்டர் நம்ம கைக்கு திரும்பி வந்தே ஆகணும், அதுக்கு வேற வழியே இல்ல. கத்துக் குடுக்கணும்னு அவருக்கு ஆசை இருக்கோ இல்லையோ, வேலை நடக்குற முறையே அவரை கத்துக் குடுக்க வச்சிடுது. நம்ம தப்பும் அவரோட திருத்தமும் ஒண்ணு மேல ஒண்ணா வெளிச்சத்துல தெரியும், எத்தன மில்லிமீட்டர் எறக்குனாரு, ஏன் கண்ண மூக்கவிட அதிகமா எறக்குனாருன்னு நாமளே பாத்து பாத்து புரிஞ்சுக்கலாம். நான் நெறைய கரெக்‌ஷன் ஷீட்ட கேட்டு வாங்கி வச்சுக்கிட்டேன், அதுல கத்துகிட்டது மூணு வருஷ டிகிரில கத்துகிட்டதவிட ஜாஸ்தி.

இதே தலை திருப்புறத ரிக் ஸ்டூடியோல பாப்போம். ஹார்மனிங்குற அனிமேஷன் சாஃப்ட்வேர்ல ரிக் ரெடியா இருக்கும், தலை, கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் தனித்தனி துண்டு, முழுத் திருப்பத்துக்கு மாத்தி வைக்கிற டிராயிங்கும் இருக்கும். நாம 1ல ஒரு கீ, 9ல ஒரு கீ வச்சா நடுவுல இருக்குறத சாஃப்ட்வேரே போட்டுக்கும். மூக்கு நேர்கோட்டுல போகுது, அதே தப்புதான். லீட், அதாவது டீமோட சீனியர் அனிமேட்டர், ஃபைல தொறந்து நடுவுல ஒரு கீ போட்டு மூக்க கீழ இழுத்தாருன்னா மத்த ஃப்ரேம் எல்லாம் தானா சரியாயிடும், ரெண்டு நிமிஷ வேலை. நம்மள கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லிக் குடுத்தா அரை மணி நேரம் ஆகும். எபிசோட் வாரக் கடைசில போயாகணும், அப்ப லீட் எத செய்வாரு? நாமளா இருந்தாலும் அதத்தான செய்வோம். சாயங்காலம் ஷாட் அப்ரூவ்டுன்னு வந்துடும், நாம அடுத்த ஷாட்டுக்கு போயிடுவோம். என்ன மாத்துனாங்கன்னு பாக்கணும்னா பழைய வெர்ஷன தேடி தொறந்து அசைவக் காட்டுற கர்வ் கோட்ட ஒப்பிட்டு பாக்கணும், அத நானும் சில தடவ பண்ணேன், ஆனா தலைக்கு மேல ஷாட் குவிஞ்சு கெடக்கும்போது தெனமும் பண்ண முடியாது. அங்க இருந்த லீடுங்க எல்லாம் நல்ல மனுஷங்க, கேட்டா மறுக்காம சொல்லிக் குடுப்பாங்க. ஆனா நாமளா போய் கேக்கணும், அவங்களுக்கும் நேரம் இருக்கணும், பேப்பர்ல இந்த ரெண்டும் தேவையே இல்ல.

கீழேர்ந்து ஏறி வந்தவங்க நெறைய பேர் இந்த வழியிலதான் வந்திருக்காங்க. ஜப்பான் அனிமேஷன் டைரக்டர் மியாசாகி 1963ல டோய் ஸ்டூடியோல சேந்தப்ப இன்பிட்வீனராத்தான் சேந்தாரு. டிஸ்னில பேர் வாங்குன அனிமேட்டர் ஆலி ஜான்ஸ்டன், அங்க சீனியரா இருந்த ஃப்ரெட் மூருக்கு அசிஸ்டென்டா இருந்தாரு. நம்ம நாட்லயும் இதே கததான், டிஸ்னில வேலை பாத்த கிளேர் வீக்ஸ் 1956ல மும்பைல அரசாங்கத்தோட ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து கார்ட்டூன் யூனிட்ல இருந்த பசங்களுக்கு பயிற்சி குடுத்தாரு, அதுல ஒருத்தர்தான் ராம் மோகன். 2025 ஜனவரில தமிழ் டப்பிங்கோட தியேட்டருக்கு வந்துச்சே அந்த இந்திய-ஜப்பான் ராமாயணப் படம், அதோட டைரக்டர்கள்ல அவரும் ஒருத்தர். ஒரு கை இன்னொரு கை வரைஞ்சது மேல திருத்துறதுதான் இந்தத் தொழில்ல பாடமா இருந்திருக்கு.

ரிக் பக்கம் இருக்குற நல்லத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. அங்க சேந்த கொஞ்ச நாள்லயே முழு ஷாட் குடுத்துடுவாங்க, நடிப்பு, லிப் சிங்க், போஸ், டைமிங் எல்லாம் நம்ம முடிவுதான். பேப்பர்ல ஒரு வருஷம் ஆனாலும் யாரும் நம்மகிட்ட கீ டிராயிங் வரையக் குடுக்க மாட்டாங்க. வேகம், எபிசோட் பிரஷர் தாங்குறது, ஃபைல ஒழுங்கா பேர் போட்டு வைக்கிறது இதெல்லாம் எனக்கு பெங்களூர்லதான் பழகுச்சு, அது இல்லன்னா இன்னைக்கு வேலைல நிக்க முடியாது. வேலை கெடைக்கிறதுன்னு பாத்தாலும் ரிக்தான் முன்னாடி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஷோரீல், அதாவது வேலை தேடுறப்ப நம்ம வேலைய தொகுத்துக் காட்டுற வீடியோ, அந்த விஷயத்துல பேப்பர் நல்லாவே அடி வாங்கும். நான் போட்ட 3, 5, 7அ ரீல்ல வச்சு ஆள் எடுக்குறவங்களுக்கு எப்படி காட்டுறது? சீன் அனிமேட்டரோடது, நம்மளுது நடுவுல மூணு டிராயிங். அதனால பேப்பர் ஸ்டூடியோக்கு போறவங்க சாயங்காலம் ஸ்டூடியோ லைட் பாக்ஸ்லயே சொந்தமா சின்னச் சின்ன பென்சில் டெஸ்ட் (பென்சில் டிராயிங்க ஓட்டிப் பாக்குற குட்டி அனிமேஷன்) பண்ணி வச்சுக்கோங்க. ஸ்கேன் பண்ணி ஓப்பன்டூன்ஸ்ல ஏத்திக்கலாம், மியாசாகியோட கிப்லி ஸ்டூடியோல பயன்படுத்துன டூன்ஸ் சாஃப்ட்வேர்லேர்ந்து வந்தது, 2016லேர்ந்து ஃப்ரீயா கெடைக்குது, பெக் ஓட்டைய வச்சு ஷீட்ட அதுவே நேரா உக்கார வச்சுக்கும். எனக்கு பெங்களூர்ல சீட்டு கெடச்சதே அப்படி சேத்து வச்ச டெஸ்ட்டாலதான். ரிக் டெஸ்ட்ல என்னைவிட வேகமா பண்ணவங்க இருந்தாங்க, ஆனா தலை திருப்புறதுல வளைவு சரியா விழுந்திருக்குன்னு எங்க லீட் பாத்த உடனே சொன்னாரு. பேப்பர்ல பழகின கண்ணு ரிக்லயும் வேலை செய்யும். ரிக்ல மட்டும் பழகினவங்க பின்னாடி பேப்பருக்கு போய் எப்படி சமாளிக்கிறாங்கன்னு சொல்ற அளவுக்கு நான் ஆள் பாத்ததில்ல.

டேப்லெட்ல ஃப்ரேம் பை ஃப்ரேம் வரையுற ஸ்டூடியோவும் இருக்கு, டிவிபெயின்ட் மாதிரி சாஃப்ட்வேர்ல. அதுல எனக்கு அனுபவம் கம்மி, அப்பப்ப சில சீன் மட்டும் பண்ணிருக்கேன். பண்ண வரைக்கும் பேப்பரோட நல்லது அதுலயும் இருக்குறதாத்தான் பட்டுச்சு, ஏன்னா ஒவ்வொரு டிராயிங்கும் தனித்தனி, ஒண்ண திருத்தினா மத்தது தானா மாறாது, சூப்பர்வைசர் மேல ஒரு லேயர் போட்டு கரெக்‌ஷன் குடுப்பாரு, திரும்ப நம்மகிட்டதான் வரும். பேப்பர் ஸ்டூடியோ கெடைக்கலன்னா நான் அடுத்ததா அதத்தான் தேடுவேன், ரிக் மூணாவதுதான்.

இன்னொண்ணும் இருக்கு, பேப்பர்ங்குற பேர மட்டும் நம்பி போயிடாதீங்க. திருத்துறதுக்கு சீனியர் ஆள் இல்லாத பேப்பர் ஸ்டூடியோல போய் உக்காந்தா ஸ்கேனிங்லயும் அழிக்கிறதுலயும் ஆறு மாசம் ஓடிடும், அதுக்கு நல்ல லீட் இருக்குற ரிக் ஸ்டூடியோ எவ்வளவோ மேல். என் கூட படிச்ச பொண்ணு ஒருத்தி அப்படி ஒரு இடத்துல மாட்டிகிட்டு பாதியிலயே கெளம்பிட்டா. இன்டர்வியூக்கு போறப்ப ஸ்டைபென்ட் எவ்வளவுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, என் டிராயிங்க யார் பாப்பாங்க, ரீடேக் என் கைக்கே திரும்பி வருமான்னு கேளுங்க. முடிஞ்சா பழைய இன்டர்ன் ஒருத்தர் பண்ண சீன் ஃபோல்டர காட்டச் சொல்லுங்க, வெளிய காட்ட முடியாத ப்ராஜெக்ட்னா ஏற்கனவே ரிலீஸ் ஆனதுல ஒண்ணு கேளுங்க. ஃபோல்டருக்குள்ள சிவப்பு பென்சில் கரெக்‌ஷன் ஷீட் நெறைய இருந்தா சேந்துடுங்க. ஃபோல்டரே இல்லன்னு சொன்னா, அங்க ஏற்கனவே இருந்துட்டு போன இன்டர்ன் யாராவது ஒருத்தரோட போன் நம்பர் வாங்கி அவங்ககிட்ட பேசிட்டு அப்புறமா மும்பைக்கு டிக்கெட் போடுங்க.